குளிரில் வைத்த மர விதை, தேறாத நாற்று: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

குளிரில் வைத்திருந்த மர விதையை எடுத்து, ஊறப்போட்டு, விதைத்து, இரண்டு மூன்று வாரம் காத்திருந்து, கடைசியில் பாதி அழுகியும் பாதி நோஞ்சானாகவும் நிற்பதைப் பார்த்தால் எல்லோரும் முதலில் பழி போடுவது ஃப்ரிட்ஜ் மீதுதான். நான் பார்த்தவரையில் குளிர் மட்டுமே கொன்ற விதைகள் கொஞ்சம். உள்ளே போகும்போது விதையில் எவ்வளவு ஈரம் இருந்தது, வெளியே எப்படி எடுத்தோம், முதல் தண்ணீரை எவ்வளவு வேகமாகக் கொடுத்தோம் என்ற மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் தவறு இருக்கிறது. எதில் தவறினாலும் அடி விழுவது ஒரே இடத்தில், செல் சவ்வில்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் அந்தச் சவ்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே சொல்லும் வைத்தியம் எதுவும் ஏன் என்று புரியாது.

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. உயிரோடு வேலை செய்யும்போது அது இளகிய நிலையில், எண்ணெய் மாதிரி இருக்கும். குளிர்ந்தாலோ நீர் போய்விட்டாலோ உறைந்த நெய் மாதிரி இறுகிவிடும். எப்போது இறுகும் என்பது அதில் என்ன கொழுப்பு அமிலம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தனியாக எடுத்துப் பார்த்தால் பால்மிடிக் அமிலம் உருக 63 டிகிரி செல்சியஸ் வேண்டும், ஒலீயிக் அமிலம் 13 டிகிரியை ஒட்டியே உருகிவிடும், லினோலெனிக் அமிலம் பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். காய்ந்த விதைக்குள் நீர் இருந்த இடத்தைச் சுக்ரோஸ், ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகள் பிடித்துக்கொண்டு கொழுப்பு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கின்றன, செல்லின் உள்ளடக்கம் முழுக்கக் கண்ணாடி போல உறைந்து நிற்கிறது. அந்த நிலையில் விதை குளிரைத் தாராளமாகத் தாங்கும். சிக்கல் தண்ணீர் திரும்பி வரும் நேரத்தில். இறுகிய சவ்வு மறுபடி இளகும்போது இறுகிய திட்டுக்கும் இளகிய திட்டுக்கும் நடுவே விரிசல் விழுந்து, உள்ளே இருக்கும் பொட்டாசியம், சர்க்கரை, அமினோ அமிலம் எல்லாம் வெளியே ஒழுகுகின்றன. நல்ல விதையும் முதல் சில நிமிடங்கள் ஒழுகத்தான் செய்யும், ஆனால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அப்படி அடைக்க முடியாத விதையைப் பற்றித்தான் இனி பேசப்போகிறோம்.

அறிகுறியைத் தேடும் முன் ஒரு கேள்வி: அந்த விதை குளிரில் வைக்கக்கூடிய ரகம்தானா?

பைன், அகேசியா, யூகலிப்டஸ் போன்றவை காயவைத்தால் தாங்கும், காய்ந்தபின் உறைகுளிரையும் தாங்கும். மா, பலா, ரப்பர், கோகோ போன்றவற்றின் விதைகள் காய்ந்தாலே செத்துவிடும். ஈரத்தோடு குளிரில் வைத்தாலும் பிழைக்காது, கோகோ 10 டிகிரிக்குக் கீழேயே தாங்காது. ஐரோப்பிய ஓக் இன்னொரு மாதிரி, அதன் கொட்டையில் ஈரம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, ஆனால் பூஜ்யத்தை ஒட்டிய குளிரில், காற்று போய்வரும் பையில், ஒரு குளிர்காலத்தைத் தாராளமாகத் தாண்டும். காபியும் வேம்பும் நடுவில் நிற்பவை, ஓரளவு காயலாம், ஆனால் காய்ந்தபின் குளிர் ஒத்துக்கொள்ளாது. உங்கள் விதை மா, பலா வகையாக இருந்து அதை ஒரு மாதம் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் கீழே படித்துப் பயனில்லை, அடுத்த பருவத்தில் பழத்திலிருந்து எடுத்ததும் விதையுங்கள்.

ஊறவைத்த தண்ணீர் கலங்குகிறது, மணக்கிறது

இது நல்ல அறிகுறி, நல்லது என்றால் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது என்ற அர்த்தத்தில். சில மணி நேரத்திலேயே தண்ணீர் பழுப்பாவது விதையுறையின் சாயமாக இருக்கலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கலங்கலாக, கொழகொழப்பாக, அடுத்த நாள் புளித்த வாடையோடு இருந்தால் அது செல்லுக்குள்ளிருந்து ஒழுகிய சர்க்கரையை நுண்ணுயிரிகள் தின்பது.

கண்ணால் மட்டும் நம்பாமல் அளந்து பாருங்கள். தண்ணீரின் மின்கடத்துத்திறனை அளக்கும் சிறிய மீட்டர் போதும். உடையாத, கீறல் விழாத 50 விதைகளை எண்ணி, எடை போட்டு, 250 மில்லி காய்ச்சி வடித்த நீரில் போட்டு, 20 டிகிரியில் 24 மணி நேரம் மூடி வையுங்கள். பக்கத்திலேயே விதை போடாத வெறும் நீரையும் ஒரு பாத்திரத்தில் வைத்து, அதன் அளவைக் கழித்து, மீதியை விதையின் எடையால் வகுத்தால் ஒரு கிராமுக்கு எவ்வளவு ஒழுகியது என்று கிடைக்கும். விதை ஆய்வுக்கூடங்களில் பட்டாணிக்கு இப்படித்தான் வீரியம் பார்க்கிறார்கள். பட்டாணிக்கு வைத்திருக்கும் எல்லைக்கோட்டை உங்கள் மரத்துக்குத் தூக்கிவந்து போடாதீர்கள், ஒவ்வொரு இனத்தின் விதையுறையும் வேறு. அதே இனத்தில் புதிதாகச் சேகரித்த விதையோடு ஒப்பிடுங்கள். குளிரில் வைத்தது இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஒழுகினால் சந்தேகமே வேண்டாம்.

சரி, அளந்தாயிற்று, ஒழுகுகிறது. அடுத்து அது பழைய சேதமா, இப்போது ஊறவைத்ததால் வந்த சேதமா என்று பிரிக்க வேண்டும், இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான சோதனை என்று நினைக்கிறேன். அதே பொட்டலத்திலிருந்து இன்னொரு 50 விதையை எடுத்து நேரே தண்ணீரில் போடாமல், மூடியிட்ட ஒரு டப்பாவின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதற்கு மேலே தண்ணீர் தொடாதபடி ஒரு வலையில் விதைகளைப் பரப்பி, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் விடுங்கள். விதை ஆவியிலிருந்து மெதுவாக ஈரம் வாங்கிக்கொள்ளும், தண்ணீர் வெள்ளமாக வருவதற்கு முன்பே சவ்வு இளகிவிடும். பெரிய விதை, தடித்த உறை என்றால் 48 மணி நேரம் கொடுங்கள். அப்புறம் அதே சோதனையைச் செய்யுங்கள், வகுப்பதற்கு மட்டும் ஈரமேற்றும் முன் போட்ட எடையை வைத்துக்கொள்ளுங்கள். ஒழுக்கு கணிசமாகக் குறைந்தால் விதை நல்ல விதைதான், நீங்கள் தண்ணீரை அவசரமாகக் கொடுத்திருக்கிறீர்கள். மீதிப் பொட்டலம் முழுவதையும் இப்படி ஈரமேற்றியே விதையுங்கள். குறையவே இல்லையென்றால் சவ்வு சேமிப்பிலேயே சிதைந்திருக்கிறது.

தண்ணீரின் வெப்பமும் கணக்கில் உண்டு. நன்றாகக் காய்ந்த வேப்ப விதையைக் குளிர்ந்த நீரில் போட்டால் ஒழுகிச் சாகிறது, 35 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான நீரில் போட்டால் பிழைக்கும் விதைகள் கூடுகின்றன. கூஃபியா என்று ஒரு செடி உண்டு, மரமல்ல, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது: அதன் சில இனங்களில் விதைக்குள் இருக்கும் எண்ணெயே உறைகுளிரில் படிகமாகிவிடும், அப்படியே நனைத்தால் விதை செத்துப்போகும், நனைக்கும் முன் 45 டிகிரிக்குச் சூடேற்றி எண்ணெயை உருக்கிவிட்டால் முளைக்கும். செத்துவிட்டது என்று கொட்டியிருக்க வேண்டிய விதை ஒரு சூட்டில் உயிரோடு வந்தது என்று அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

விதை மெத்தென்று ஆகிவிட்டது, நசுக்கினால் கூழ்

எல்லா விதையும் ஒன்றுபோல இப்படி என்றால் இரண்டே காரணம். ஒன்று, மேலே சொன்ன குளிர் தாங்காத ரகம். இன்னொன்று, சரியாகக் காயாமல் ஃப்ரீசருக்குள் போனது. விதையில் உறையக்கூடிய அளவுக்கு நீர் இருந்தால் பனிப்படிகம் உருவாகிச் சவ்வைக் கிழித்துவிடும், இதற்கு வைத்தியம் கிடையாது. எண்ணெய் விதைகளில் ஈரத்தின் சதவீதத்தைப் பார்த்து ஏமாறக்கூடும், ஏனென்றால் எண்ணெய் நீரைப் பிடித்துவைக்காது, விதை எடையில் பாதி எண்ணெய் என்றால் 10 சதவீத ஈரம் என்பது எண்ணெய் அல்லாத மீதிப் பாதிக்கு 20 சதவீதத்துக்குச் சமம்.

ஈரம் பார்க்க, பெரிய விதையென்றால் நறுக்கி, எடை போட்டு, 103 டிகிரி சூடுள்ள மின் அடுப்பில் 17 மணி நேரம் வைத்து மறுபடி எடை போடுங்கள், குறைந்த எடையை முதல் எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். மரபணு வங்கிகள் 5 முதல் 20 டிகிரி வெப்பத்திலும் 10 முதல் 25 சதவீதக் காற்று ஈரப்பதத்திலும் காயவைத்து, பிறகுதான் -18 டிகிரியில் வைக்கின்றன. வெயிலில் ஒரு நாள் போட்டுவிட்டு ஃப்ரீசரில் வைப்பது அதற்கு ஈடாகாது.

பொட்டலம் முழுக்க இல்லாமல் சில விதைகள் மட்டும் இப்படி என்றால் அவை சேகரிக்கும்போதே முற்றாதவையாக இருக்கும். முற்றாத விதையில் அந்தப் பாதுகாப்புச் சர்க்கரைகள் சேர்ந்திருக்காது.

முளைவேர் வெளியே வந்து, நுனி பழுப்பாகி, அப்படியே நிற்கிறது

மனசு கஷ்டப்படும் அறிகுறி இது, ஏனென்றால் முளைத்துவிட்டது என்று நம்பியிருப்போம். வேர் வெளியே வருவது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் செல்கள் நீரை வாங்கி நீள்வதால்தான். தொடர்ந்து வளர நுனியில் செல்கள் பிரிய வேண்டும், அந்த நுனிதான் விதையில் முதலில் நனையும் இடங்களில் ஒன்று, அடியும் அங்கேதான் முதலில் விழுகிறது.

ஒரு தடவை நான் உறைகுளிரிலிருந்து எடுத்த டப்பாவை அப்போதே திறந்தேன். வெளிக்காற்றின் ஈரம் முழுக்கக் குளிர்ந்த விதைகள் மேல் வியர்த்துப் படிந்தது, கண்ணுக்கே தெரிந்தது, இருந்தாலும் துடைத்துவிட்டு விதைத்தேன். முளைத்தவற்றில் பாதிக்குமேல் வேர் நுனி கருகி நின்றது. அதே விதையில் இன்னொரு டப்பாவை மூடி திறக்காமல் ஓர் இரவு அறையில் வைத்து, காலையில் திறந்து, ஆவியில் ஈரமேற்றி விதைத்தேன், ஒழுங்காக வந்தது. குளிர்ந்த சவ்வின் மேல் குளிர்ந்த நீர் படுவதுதான் மிகவும் மோசம், இரண்டில் எதையாவது ஒன்றை நம்மால் தவிர்க்க முடியும்.

வியர்வைக்கும் வழியில்லை, தண்ணீரையும் மெதுவாகத்தான் கொடுத்தோம், அப்படியும் நுனி கருகுகிறது என்றால் அது முதுமை. சேமிப்பில் ஆக்சிஜன் சும்மா இருப்பதில்லை. குளிர்ச்சியைத் தாங்கும் அந்த லினோலெயிக், லினோலெனிக் அமிலங்கள்தான் ஆக்சிஜனிடம் முதலில் மாட்டுகின்றன, அவை உடைந்து போகப் போகச் சவ்வு விறைத்து ஓட்டையாகிறது. எண்ணெய் அதிகமுள்ள பைன் விதைகளை உடைத்து மோந்து பாருங்கள், கெட்டுப்போன எண்ணெயின் காறல் வாடை வந்தால் கதை முடிந்தது.

விட்டு விட்டு முளைக்கிறது, சில முளைக்கவே இல்லை

இங்கே மூன்று வேறு வேறு விஷயங்கள் ஒரே முகத்தோடு வரும். முளைக்காத விதையை மூன்று வாரம் கழித்துத் தோண்டி எடுங்கள். கல் மாதிரி கெட்டியாக, நனையாமலே இருந்தால் அது கடினத்தோல், அகேசியா குடும்பத்தில் சகஜம். சவ்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உறையைக் கீறிவிட்டால் போதும். நனைந்து உப்பி, அழுகாமல், வெட்டினால் வெள்ளையாகப் புதிதாக இருந்தால் விதை உறக்கத்தில் இருக்கிறது, அதாவது உயிரோடு இருந்தும் முளைக்காமல் காத்திருக்கிறது. நனைந்து அழுகியிருந்தால்தான் நம்முடைய விவகாரம்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே சந்தேகம் வந்தால், உயிருள்ள திசுவைச் சிவப்பாக்கும் டெட்ரசோலியம் என்ற உப்பை வைத்துச் சோதனை செய்யலாம். ஊறிய விதையைக் கரு தெரியும்படி நீளவாக்கில் வெட்டி, ஒரு சதவீதக் கரைசலில் 30 டிகிரியில் இருட்டில் வையுங்கள், எவ்வளவு நேரம் என்பது இனத்துக்கு இனம் மாறும். மூச்சு விடும் திசு சிவப்பாகும், செத்த திசு வெளுத்தே நிற்கும். நிறையப் பேர் தவறவிடும் ஒன்று: அடர்ந்த கருஞ்சிவப்பு என்றால் ரொம்ப ஆரோக்கியம் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் சவ்வு ஓட்டையான திசுவுக்குள் சாயம் வேகமாகப் புகுந்து அப்படி நிறம் கொடுக்கும். கெட்டியான திசுவில் சீரான, மிதமான சிவப்புதான் நல்லது.

உறக்கம் என்று உறுதியானால் ஈரக்குளிர் நேர்த்தி வேண்டும், அதாவது ஊறிய விதையை 3 முதல் 5 டிகிரியில் சில வாரங்கள் ஈரமாக வைப்பது. இதையும் காய்ந்த சேமிப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டும் ஒரே ஃப்ரிட்ஜில் நடந்தாலும் ஒன்றில் விதை தூங்குகிறது, இன்னொன்றில் வேலை செய்கிறது. நனைந்து குளிரில் இருக்கும் விதை மூச்சு விடுகிறது, உடைந்த இடங்களைச் செப்பனிடுகிறது, அதனால் காற்று வேண்டும். பையை இறுக்கிக் கட்டினால் புளித்த வாடை வரும். வாரம் ஒரு முறை திறந்து பிரட்டிவிடுங்கள். பையிலேயே வேர் எட்டிப்பார்த்தால் அதைத் திரும்பக் காயவைக்க முயலாமல் அன்றைக்கே விதைத்துவிடுங்கள், வேர் வந்தபின் காய்வதைத் தாங்கும் திறன் போய்விடும்.

மண் ஈரமாக இருந்தும் மதியம் துவள்கிறது

நாற்று பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் வேர் நீரைத் தூக்கிக் கொடுக்கவில்லை. வேரைக் கழுவிப் பாருங்கள், ஆணிவேர் மட்டும் இருந்து பக்கவேர் இல்லையென்றால், அல்லது மெல்லிய வேர்கள் கண்ணாடி போல நிறமற்று நசநசவென்று இருந்தால், வேர்ச் சவ்வு ஒழுகுகிறது. அளக்க வேண்டுமானால் மெல்லிய வேர்களை வெட்டிக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் 24 மணி நேரம் வைத்து மின்கடத்துத்திறன் பாருங்கள். அதே நீரோடு வேரைக் கொதிநீரில் 20 நிமிடம் வைத்து எல்லாச் செல்லையும் கொன்று, ஆறியபின் மறுபடி பாருங்கள். முதல் அளவு இரண்டாவதில் எத்தனை சதவீதம் என்பதுதான் ஒழுக்கு. இங்கேயும் ஒப்பிட நல்ல நாற்று ஒன்று வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. விதையில் பட்ட அடி முதல் வேரிலும் வித்திலைகளிலும்தான் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அவை விதைக்குள்ளேயே உருவானவை. நான்காவது ஐந்தாவது இலையின் சவ்வை நாற்று புதிதாகச் செய்துகொள்கிறது. அங்கே கோளாறு என்றால் சேமிப்பைக் குற்றம் சொல்லாமல் தொட்டியின் வடிகாலையும் உப்பையும் பாருங்கள். முதல் இரண்டு இலை நோஞ்சானாக இருந்து, அடுத்தவை நன்றாக வந்தால் அந்த நாற்று தேறிவிட்டது, பிடுங்கி எறிய வேண்டாம். அதுவரை நிழலும், தண்ணீர் தேங்காத மண்ணும், மிகக் குறைந்த உரமும் கொடுங்கள். ஒழுகும் வேருக்கு உரக்கரைசல் விஷம் மாதிரி.

குளிர் இரவுக்குப் பின் இலையில் நீர் ஊறியது போன்ற திட்டு

வெயில் ஏறியதும் அந்தத் திட்டு பழுப்பாகிக் காய்ந்தால் சவ்வு இரவில் இறுகிக் கிழிந்திருக்கிறது. வெப்பமண்டல மரங்களில் பலவற்றுக்கு 10 டிகிரியை ஒட்டிய இரவே இதைச் செய்யும், விதையை எங்கே வைத்தீர்கள் என்பது இதில் இரண்டாம் பட்சம். திடீர்க் குளிர்தான் ஆபத்து. பல நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்தால் குளிர் பழகிய இன நாற்றுகள் கொழுப்பு அமிலங்களை மாற்றி, சவ்வை இளக்கமாக வைத்துக்கொள்ளும். இரவில் மூடி வையுங்கள், மறுநாள் காலை நேர் வெயிலில் உடனே திறக்காதீர்கள்.

தண்டு மண்மட்டத்தில் இளைத்துச் சாய்கிறது

நாற்றழுகல், பூஞ்சணம் என்று மருந்தைத் தேடுவோம். அது சரிதான், ஆனால் ஒரே தட்டில் பழைய விதை மட்டும் சாய்ந்து புதிய விதை நின்றால், ஒழுகிய சர்க்கரைதான் பித்தியம் போன்ற அழுகல் நுண்ணுயிரிகளை அழைத்து வந்திருக்கிறது. மருந்தோடு விதையின் ஒழுக்கையும் கவனியுங்கள். ஒழுகும் விதைகளை நெருக்கமாக விதைக்காதீர்கள்.

மீதிப் பொட்டலத்தை என்ன செய்வது

விதை உயிரியலாளர் ஹாரிங்டன் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: விதை ஈரம் 14 முதல் 5 சதவீதம் வரை, ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் ஆயுள் இரட்டிப்பாகும், வெப்பம் ஒவ்வொரு 5 டிகிரி குறையும்போதும் அப்படியே. ஃப்ரிட்ஜ் வாங்குவதைவிடக் காயவைப்பதில் நேரம் செலவிடச் சொல்கிறேன். இஸ்ரேலின் மசாடா கோட்டையில் கிடைத்த சுமார் 2000 வருடப் பேரீச்சை விதை 2005-இல் முளைத்தது, அதைக் காப்பாற்றியது எந்தக் குளிர்பெட்டியும் இல்லை, அந்த இடத்தின் வறட்சி.

ஈரமேற்றும் சோதனையில் தேறிய விதைகள் என்றால், ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகச் சின்னச் சின்ன அலுமினியப் பைகளில் பிரித்து ஒட்டுங்கள். பெரிய டப்பாவை ஒவ்வொரு தடவையும் திறந்து மூடினால் ஒவ்வொரு தடவையும் வியர்வை உள்ளே போகும். பையோடு நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கொஞ்சம் வையுங்கள், நிறம் மாறியிருந்தால் ஈரம் புகுந்துவிட்டது. தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசரின் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், அங்கே வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பையின் மேல் இனம், சேகரித்த நாள், உள்ளே போனபோது இருந்த ஈரம், ஒழுக்கின் அளவு நான்கையும் எழுதுங்கள். ஒழுக்கு அளவு இல்லாமல் அடுத்த வருடம் ஒப்பிட உங்களிடம் எதுவும் இருக்காது.

தேறாத விதைகளைக் குளிரில் திரும்ப வைக்க வேண்டாம். ஆவியில் 48 மணி நேரம் ஈரமேற்றி, வெதுவெதுப்பான மணலில் இடைவெளி விட்டு இந்த வாரமே விதைத்துவிடுங்கள், பத்தில் இரண்டு வந்தாலும் அரிய மரம் என்றால் அந்த இரண்டு போதும்.